வாசிப்பவன் கை அசைவதில்லை

மே 8, திங்கள்

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இந்த முகாமில் நடப்பதை நடந்தபடி எழுதி வைக்கப் போகிறேன். வேளை வரும்போது நாலு பேர் படிக்கட்டும்.

பல்கலைக்கழகத் தேர்வுகளின் விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடங்கியது. கோவில்பட்டிக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், மாணவர் சேர்க்கை குறைந்து பாதி மூடிக் கிடக்கும் ஒரு பொறியியல் கல்லூரி. வரலாற்றுத் தாள்களுக்கு அதன் கணினிக் கூடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்த பழைய கணினிகள் ஓடவில்லை என்பதால் எங்கிருந்தோ லேப்டாப்புகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள். இந்த வருடம் முதல் காகிதம் கிடையாது. விடைத்தாளின் படம் திரையில் வரும். படித்துவிட்டு ஓரத்தில் உள்ள கட்டங்களில் மதிப்பெண்ணைத் தட்ட வேண்டும். எல்லாக் கேள்வியும் முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த தாள் வரும். பழக்கத்தில் சிவப்புப் பேனாவைக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இல்லாவிட்டால் கைக்கு என்னவோ போல் இருக்கிறது.

முகாம் அலுவலர் ஆவுடையப்பன். வேறு யாராக இருக்க முடியும்?

நானும் அவனும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தவர்கள். அவன் எனக்குப் பின்னால் வந்தவன். அவனுடைய ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இருக்கும் ஆவணங்களை எல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தூசிக்குள் உட்கார்ந்து கையால் நகலெடுத்தவன் நான். முன்னுரையில் எனக்கு ஒரு வரி நன்றி கிடையாது. போன வருடம் பாடத்திட்டக் குழுத் தலைவர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டும். மூப்பு வரிசை தெரிந்த எவரும் இதைச் சொல்வார்கள். அதுவும் அவனுக்கே போனது. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தான். என்னிடம், “வாங்க அண்ணாச்சி, நீங்க வந்தாத்தான் முகாமுக்கே ஒரு கனம்” என்றான். பின்னால் நின்றவர்களிடமும் இதையே சொல்லியிருப்பான்.

பிற்பகலில் ஏசியும் லேப்டாப்புகளும் ஒன்றாக ஓடியதில் மெயின் டிரிப் ஆகிக் கூடம் இருண்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி விழுந்தது. ஆவுடையப்பன் டெக்னீசியனைக் கூப்பிட்டு எல்லா லேப்டாப்பையும் மின்சார சேமிப்பில் போடச் சொன்னான். மதியத்துக்குமேல் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்ட வேண்டும். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் திரை மங்கி, லேப்டாப் தானாகத் தூங்கிவிட வேண்டும். அதன்பிறகு மின்சாரத்தைச் சேமிப்பது நம் ஒவ்வொருவருடைய கடமை என்று ஒரு சொற்பொழிவு. அவனுடைய அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மே 9, செவ்வாய்

இன்று நடந்த அவமானத்தை எழுதாமல் விட்டால் எனக்கு நானே துரோகம் செய்தவனாவேன்.

ரயத்துவாரி நிலவரி முறை பற்றிய கட்டுரை வினா. பெரும்பாலானவர்கள் கைடு புத்தகத்தில் இருப்பதை மனப்பாடமாக எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை, ஆணோ பெண்ணோ தெரியாது, ஆறேழு பக்கம் எழுதியிருந்தது. கிணற்றுப் பாசனம் உள்ள நிலத்துக்கு வரி அதிகம் என்பதால் தங்கள் ஊரில் கிணற்றின் மேல் பலகை போட்டு, மண்ணைப் பரப்பி, மேலே கோழிக் கூண்டை வைத்து அதிகாரியிடம் மறைத்தார்களாம். பாட்டனார் சொன்னதாக எழுதியிருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்தி. இப்படி ஒரு விடைத்தாள் வருவதற்காகத்தான் இந்தத் தொழிலில் இத்தனை காலம் கிடக்கிறோம். கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தேன். கோழிக் கூண்டு வரைக்கும் வந்தபோது திரை கறுத்துவிட்டது.

திரும்ப உயிர்ப்பித்தால் மறுபடி கடவுச்சொல், மறுபடி பயனர் எண். உள்ளே போனால் வேறொரு விடைத்தாள். என் மாணவன் எங்கே போனான் என்றே தெரியவில்லை.

எழுந்துபோய் ஆவுடையப்பனிடம் சொன்னேன். படித்துக்கொண்டிருக்கும்போது அணைகிறது, இந்த சேமிப்பை எடுக்கச் சொல் என்றேன். தனியாகத்தான் சொன்னேன். அவன் கூடத்துக்கே கேட்கும்படி பதில் சொன்னான்.

“அண்ணாச்சி, நீங்க அசையாம இருந்தா நீங்க தூங்கிட்டீங்கன்னு அது நினைச்சுக்கிடும். மவுச லேசா ஆட்டிக்கிட்டே படிங்க. தொட்டிலாட்டுத மாதிரி.”

கூடம் சிரித்தது. எனக்கு வலப்பக்கத்து இருக்கைக்காரர் குத்தாலிங்கம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவர் தென்காசிப் பக்கத்துக் கல்லூரிக்காரர். விடைத்தாளைப் படிக்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை. பக்கங்களை உருட்டிக்கொண்டே போவார், கட்டங்களை நிரப்புவார், முடிந்தது. அவருடைய லேப்டாப் ஒரு தடவைகூட அணையவில்லை. எப்படி அணையும்? கை நின்றால்தானே அணையும்.

என்ன ஒரு ஏற்பாடு பாருங்கள். படிக்காமல் மதிப்பெண் போடுகிறவன் விழித்திருக்கிறானாம். வரி வரியாகப் படிக்கிறவன் தூங்குகிறானாம்.

மே 10, புதன்

யாரிடமும் கெஞ்சப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன். தேநீர் இடைவேளையில் எல்லோரும் வெளியே போனபிறகு திரையின் கீழ் மூலையில் இருந்த பேட்டரிப் படத்தைத் தட்டினேன். பவர் செட்டிங்ஸ் திறந்தது. பேட்டரியில் ஓடும்போது எவ்வளவு நேரத்தில் தூங்க வேண்டும், சார்ஜரில் இருக்கும்போது எவ்வளவு நேரத்தில் என்று இரண்டு வரிகள். இரண்டிலும் இருப்பதிலேயே குறைந்த நேரத்தை வைத்திருந்தார்கள். இரண்டையும் ‘நெவர்’ என்று மாற்றினேன். திரை அணைவதற்குத் தனியாக இரண்டு வரிகள் இருந்தன, அவற்றையும் மாற்றினேன். சார்ஜ் குறைந்ததும் தானாக வந்து எல்லாவற்றையும் மங்கலாக்கும் பேட்டரி சேவர் என்று ஒன்று, அதையும் அணைத்தேன். கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்ட வேலை. இதைச் செய்யத் தெரியாமல், அல்லது செய்ய மனமில்லாமல், என்னைத் தொட்டிலாட்டச் சொல்கிறான்.

அதன் பிறகு மாலைவரை அணையவே இல்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ‘முடிந்தவை’ என்று ஒரு பகுதி இருக்கிறது. நேற்று பாதியில் போன விடைத்தாள்கள் அங்கே கிடந்தன, முடித்துவிட்டதாகக் கணக்கில். நான் மதிப்பெண் போடாத கட்டங்களில் எல்லாம் பூஜ்யம். கோழிக் கூண்டு எழுதிய பிள்ளைக்குக் கட்டுரைப் பகுதி முழுக்கப் பூஜ்யம். முகாம் முடியும்வரை திருத்தலாம் என்று இருந்ததால் என்னுடையவற்றை எல்லாம் திறந்து, படித்து, சரிசெய்துவிட்டேன். படிக்க நேரமெடுப்பவை கட்டுரை வினாக்கள். அங்கேதான் கை நிற்கும், அங்கேதான் அணையும், அங்கேதான் பூஜ்யம் விழும். இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியுமா?

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம் என்று சிலர் நினைக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். “பாத்தீங்களா, நான்தான் கண்டுபிடிச்சு சரிபண்ணினேன்” என்று தேர்வாணையரிடம் அவன் போய் நிற்பான். இரண்டாம் இயல் கதைதான். தவிர, ஒருநாள் கோளாறுக்கு யாரும் அசைய மாட்டார்கள். சேரட்டும். முகாம் முடிந்ததும் ஆதாரத்தோடு ஒரே புகாராக எழுதினால்தான் அவனால் தப்பிக்க முடியாது.

இடப்பக்கத்து இருக்கையில் எப்சிபா என்று ஓர் அம்மா. அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். பிற்பகலில் என் திரையை எட்டிப்பார்த்து மெதுவாகக் கேட்டார்:

“உங்களுக்கு மட்டும் அணையவே மாட்டேங்குதே சார். என்ன பண்ணீங்க?”

அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன் எங்கள் வரிசையில் வந்துகொண்டிருந்தான்.

“சில மெஷின் அப்படித்தான்மா” என்றேன்.

மே 11, வியாழன்

குத்தாலிங்கம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இன்றைய பங்கை முடித்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மே 12, வெள்ளி

இப்போது ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் இடது கையால் மவுசை ஆட்டியபடி வலது கையால் கன்னத்தைத் தாங்கிப் படிக்கிறார். ஒருவர் ஒவ்வொரு பத்திக்கும் ஒருமுறை திரையை மேலும் கீழும் உருட்டுகிறார், அப்புறம் விட்ட வரியைத் தேடுகிறார். எப்சிபா டச்பேடில் ஒரு விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். ஆனால் அவர் படிப்பில் மூழ்கிவிடுகிற ஆள். உதடு அசையப் படிப்பார். நல்ல பதில் வந்தால் விரல் நின்றுவிடும். திரை கறுக்கும். “ஐயோ ஏசப்பா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி கடவுச்சொல்லைத் தட்டுவார்.

வாசலில் ஒரு வெள்ளைப் பலகையை வைத்து, யார் எத்தனை தாள் திருத்தினார்கள் என்று தினமும் மாலையில் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பேசினவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுபோல. எப்சிபா கடைசி. அவருக்கு மேலே நான். ஆவுடையப்பன் அவரிடம் வந்து, சம்பளத்துக்குப் படிக்க வந்தீர்களா திருத்த வந்தீர்களா என்று கேட்டான். அவர் எழுந்து நின்று ஸாரி சார் என்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தான். கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

தேநீர் நேரத்தில் எப்சிபா சொன்னார்: ஜூன் மாதம்தான் அவர்களுக்கு மறுநியமனம் வரும். வருடா வருடம் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு குறிப்பு தவறாகப் போனாலும் அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறது. இப்படி ஆட்களை வைத்து வேலை வாங்கும் அமைப்பைப் பற்றி அவரிடம் நீண்ட நேரம் கொதித்துப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “முடிஞ்சதுல போய்ப் பாக்கணுமாமே, அப்பிடி எதும் இருக்கா சார்?” என்றார். யாரோ எதையோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். மணி அடித்துவிட்டது. உள்ளே போய்விட்டோம்.

மே 15, திங்கள்

முகாம் முடிந்தது. நிறைவு விழா என்று ஒன்று. அதிவேகமாகத் திருத்தியவர் என்று குத்தாலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினான் ஆவுடையப்பன். விடைத்தாளைப் படிக்காததற்குப் பொன்னாடை. கைதட்டல் வேறு. நான் தட்டவில்லை. பக்கத்தில் எப்சிபா தட்டினார். அவருக்கு இதெல்லாம் புரியாது, நல்ல மனது.

புகாரை எழுத ஆரம்பித்திருக்கிறேன். நாளை முடித்துவிடுவேன்.

மே 21, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. என் மனைவி காந்திமதியின் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அம்பாசமுத்திரம் போய்வந்ததில் இந்த வாரம் போய்விட்டது. புகாரில் முன்னுரை மட்டும் இரண்டு முறை திருத்தி எழுதினேன். ஆவுடையப்பனின் கடந்தகாலத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் சிக்கல்.

ஜூன் 2, வெள்ளி

தேர்வு முடிவுகள் வந்தன. நான் நினைத்ததுபோலவே நடந்தது. நினைத்ததைவிட மோசமாக.

வரலாற்றுத் தாளில் கல்லூரி கல்லூரியாகத் தோல்வி. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், வகுப்பில் முதலிடம் வருகிறவர்கள். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தால் பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரைக்கு எதிரே பூஜ்யம். பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘ஆசிரியர்களின் அலட்சியம்’ என்று பத்திரிகையில் தலைப்பு. ஆசிரியர்களின் அலட்சியமாம். படிப்பவனைத் தூங்குகிறவன் என்று முடிவு செய்யும் ஒரு சாதனத்தை எதிரே வைத்துவிட்டு, பழியை மட்டும் ஆசிரியன் தலையில் கட்டுகிறார்கள்.

ஜூன் 5, திங்கள்

விசாரணைக் குழு. அதில் உறுப்பினர், கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஆவுடையப்பன்.

பூஜ்யம் போட்டவர்களின் பயனர் எண்ணை வைத்து ஆட்களைப் பிடித்துவிட்டார்கள். எல்லோருமே நிதானமாகப் படிக்கிறவர்கள். என் பெயர் அதில் இல்லை. நிரந்தரப் பணியில் உள்ளவர்களுக்காக நிர்வாகங்களும் சங்கமும் பேசின. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்களாம். கடிதம் கொடுத்துவிட்டதால் இனி மெஷினைப் பற்றி அவர்கள் வாய் திறக்க முடியாது. மிஞ்சியது எப்சிபா. அவருக்குப் பேச ஆள் கிடையாது. இனி எந்த முகாமுக்கும் அழைக்கக் கூடாது, மறுநியமனத்துக்குப் பரிந்துரைக்கவும் கூடாது என்று பேச்சு. கோழையின் கணக்கு இது. அடித்தால் திருப்பி அடிக்க முடியாத ஆளைத் தேடிப் பிடித்து அடிப்பது.

குத்தாலிங்கத்திடம் போனில் கொட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இப்ப என்ன அண்ணாச்சி, நீங்க போய்ச் சொல்லப் போறீங்களா?” என்றார். அவருக்கு எதிலும் விளையாட்டு.

ஜூன் 7, புதன்

எப்சிபா வீட்டுக்கு வந்தார். சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். காந்திமதி காபி கொடுத்தாள். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குடிக்காமல், சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

குழு அவருடைய கணினிப் பதிவுகளை எடுத்து வைத்திருக்கிறதாம். இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது, இவர் அடிக்கடி எழுந்து போயிருக்கிறார் என்பது அவர்கள் கட்சி. லேப்டாப் தானாக அணைந்தது என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படி எந்த சேமிப்பும் போடப்படவில்லை, மெஷின்கள் வழக்கம்போலத்தான் இருந்தன என்று ஆவுடையப்பன் குழுவில் அடித்துச் சொல்லிவிட்டான். பொய். பச்சைப் பொய். டெக்னீசியன் வெளி ஆள், அவனைத் தேடவே இல்லை. லேப்டாப்புகளும் வந்த இடத்துக்குப் போய், அவற்றில் இருந்த செட்டிங்ஸ் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டன.

“அவங்க ஒரு ஆதாரம் வச்சிருக்காங்க சார்” என்றார். “அதே ரூம், அதே வரிசை, அடுத்த சீட்டு. மூணாம் நாள்லேந்து ஒரு தடவைகூட கட்டாகலயாம். ஒரு பூஜ்யம் இல்லையாம். மெஷின்ல கோளாறுன்னா அது மட்டும் எப்பிடி ஓடும்னு கேக்காங்க.”

நான் மேசைமேல் கிடந்த செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

“அது உங்க சீட்டு சார்.”

காந்திமதி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

“அன்னைக்கு நான் கேட்டேன்ல. நீங்க ஏதோ மாத்துனீங்க, எனக்குத் தெரியும். என்ன மாத்துனீங்கன்னு மட்டும் எழுதி, பேரு போட்டு, ஒரு கையெழுத்து வச்சுக் குடுங்க. திங்கக்கிழமை காலைல கமிட்டி. மெஷின் மேல தப்புன்னு ஆச்சுன்னா எல்லாப் பேப்பரையும் மறுபடி திருத்துவாங்க. பிள்ளைங்களும் தப்பிச்சிரும், நானும் தப்பிச்சிருவேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆவுடையப்பன் எப்படிப்பட்டவன் என்று அவருக்கு விளக்கினேன், ஆய்வுக்காலத்திலிருந்து. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று எழுந்தார். காபி ஆறிப்போய் இருந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “நான் உங்கள ஒண்ணும் குத்தமா சொல்லல சார். சொல்லவும் மாட்டேன்” என்றார்.

இதில் என்னைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 8, வியாழன்

ஆவுடையப்பன் போன் செய்தான். வருடக்கணக்கில் என் எண்ணை மறந்திருந்தவன்.

“அண்ணாச்சி, கமிட்டில உங்களப் பத்தித்தான் பேச்சு. மொத்த முகாம்லயும் ஒழுங்கா வேல பாத்த ஒரே ஆளுன்னு சொன்னேன். அடுத்த பாடத்திட்டக் குழுவுக்குத் தலைவரா உங்க பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். எனக்கு முன்னாலயே உங்களுக்கு வந்திருக்க வேண்டியது.”

என்ன நெஞ்சழுத்தம். என்னை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறான். ஆனாலும் ஒன்று: வந்திருக்க வேண்டியது என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான். இதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாக்கு எதுவும் கொடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 10, சனி

காலையிலிருந்து எப்சிபாவுக்கான கடிதத்தை எழுதிப் பார்க்கிறேன். ‘இதன்மூலம் நான் தெரிவிப்பது யாதெனில்’ என்று தொடங்கி, லேப்டாப்புகள் சேமிப்பில் போடப்பட்டிருந்தன என்பதுவரை சுத்தமாக வருகிறது. என்னுடையதை மாற்றிக்கொண்டேன் என்ற இடத்தில் நிற்கிறது. என்றைக்கு மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். சொன்னால், பூஜ்யம் விழுவது அன்றைக்கே தெரியுமா என்பார்கள். தெரிந்தும் ஏன் பக்கத்து இருக்கைக்குக்கூடச் சொல்லவில்லை என்பார்கள். ஆவுடையப்பன் அங்கே உட்கார்ந்திருப்பான். அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. செய்தவனை விட்டுவிட்டுக் கண்டுபிடித்தவனை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பத்திரிகைக்காரனுக்கு நான் கிடைத்துவிடுவேன். மாணவர்களுக்கும் கிடைத்துவிடுவேன். யாருக்காக நான் இந்த அநியாயத்தை எல்லாம் எழுதி வைத்தேனோ அவர்களே என் பெயரை எழுதிக்கொண்டு வாசலில் உட்காருவார்கள்.

சத்தம் போட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காந்திமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ள ஒரு கையெழுத்துதான கேட்டா? அதுக்கு ஏன் இத்தனை பக்கம் எழுதுதீங்க?”

இருபத்தைந்து வருடம் ஒரு வரலாற்று ஆசிரியனோடு குடும்பம் நடத்தியவளுக்கு, ஒரு நிகழ்வை அதன் பின்னணியோடு சொல்ல வேண்டும் என்பது தெரியவில்லை. மதியம் முழுக்க அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன்.

பிரச்சினை ஓர் எப்சிபாவைப் பற்றியது அல்ல. ஓர் அமைப்பே அழுகிக் கிடக்கும்போது ஒரு தனிநபருக்குச் சான்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பது சில்லறை வேலை. உலகத்துக்கு முழுவதும் தெரிய வேண்டும். ஆசிரியர்கள் எழுதும் ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. பெயர் இல்லாமல் எழுதினாலும் போடுவார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள். இந்தக் குறிப்புகளையே அங்கே வெளியிடப் போகிறேன்.

காலையிலிருந்து உட்கார்ந்து தட்டச்சு செய்து சீர்படுத்தினேன். வாசகருக்குச் சுமையாக இருக்கும் என்று தேதிகளை எடுத்தேன். தேதி போனபிறகு, தேநீர் இடைவேளையில் என்னுடைய லேப்டாப்பில் நான் என்ன செய்தேன் என்ற பகுதிக்கு அங்கே வேலை இல்லை. அது தொழில்நுட்ப விவரம், பொதுவாசகருக்கு அலுப்பூட்டும். அதையும் எடுத்தேன். ஆவுடையப்பனின் பெயரை வைக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். வழக்கு, அது இது என்று வரும். ‘ஓர் அதிகாரி’ என்று மாற்றினேன். ஊரை எடுத்தேன். எப்சிபாவின் பெயரையும், அவர் இருந்த இருக்கையையும், அவர் வீட்டுக்கு வந்ததையும் எடுத்தேன். அவருடைய நன்மைக்காகத்தான். பாடத்தின் பெயர் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதையும் எடுத்தேன்.

படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. கோபம் குறையவில்லை. படிப்பவனைத் தூங்குகிறவன் என்று சொல்லும் இடம் யாரையும் உலுக்கும்.

இடையில் எப்சிபாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. “சார், நாளைக்குக் காலைல பல்கலைக்கழக மெயின் பில்டிங். நான் சீக்கிரமே வந்து வாசல்ல நிக்கேன். நீங்க வருவீங்கதானே.” கேள்விக்குறி போடவில்லை. பார்த்துவிட்டேன் என்று நீல டிக் அவருக்குப் போயிருக்கும். இந்தக் கட்டுரை வெளியானதும் படித்துத் தெரிந்துகொள்வார், அவருக்காக ஒருவன் பேசியிருக்கிறான் என்று.

கடைசியில், எழுதியவர் என்ற இடம். முதலில் ‘உண்மையை அறிந்த ஓர் ஆசிரியர்’ என்று போட்டேன். ‘அறிந்த’ என்பது தேவையில்லாத கேள்விகளைக் கிளப்பும். ‘ஓர் ஆசிரியர்’ என்று சுருக்கினேன். எந்த ஆசிரியர் என்று அதற்கும் ஒரு கேள்வி வரும். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். கையொப்பம் இல்லாமலே வெளியிடுகிறேன்.